ஏறாவூரில் வராத கோளாறு

"செப்டம்பர் 9, செவ்வாய். பிற்பகல் 2.40: திரையில் அம்பு நின்றது. காற்றில்லை. மின்விசிறி இரண்டில். பற்றரி 71. சார்ஜர் செருகவில்லை. 2.43: திரையும் அணைந்தது. 2.51: தானாகவே வந்தது. காரணம் தெரியவில்லை."

இது, ஒரு லெப்டொப்பைப் பற்றி என் கொப்பியில் உள்ள குறிப்பு. நூலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவளுக்குத் திகதி போடாமல் எதையும் எழுத வராது. வாவியில் நீர் எத்தனையாவது படியில் நிற்கிறது, எங்கள் தெருவில் மின்சாரம் எப்போது போய் எப்போது வந்தது என்பதெல்லாம் அந்தக் கொப்பியில் இருக்கும். பழைய கப்பல்களின் பதிவேடுகளை வாசித்த காலத்தில், காற்றே வீசாத நாளையும் மாலுமிகள் மறக்காமல் எழுதி வைத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. ஒன்றும் நடக்காத நாளுக்கும் ஒரு வரி உண்டு.

அந்த லெப்டொப் என்னுடையது. வெளிநாட்டில் ஒரு பள்ளிக்கூடம் காலம் முடிந்ததென்று கழித்துவிட்டதை என் பெறாமகன் வாங்கி அனுப்பியிருந்தான். சின்னது, சாம்பல் நிறம், மூடியின் மேல் யாரோ ஒரு பிள்ளை நட்சத்திரம் ஒட்டிப் பிய்த்த தடம். வந்த புதிதில் அது எந்தப் பக்கத்தையும் திறக்க மறுத்தது. பஸ் நிலையத்துக்குக் கிட்ட உள்ள திருத்துமிடத்துக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் பின்பக்கத்தைக் கழற்றி, உள்ளே காவலுக்கு இருந்த ஒரேயொரு ஆணியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அது இருக்கும்வரை அடிமென்பொருளில் கைவைக்க முடியாதாம். பிறகு பழையதை முழுவதும் அழித்துவிட்டு, யாருக்கும் சொந்தமில்லாத இலவசமான ஒன்றைப் போட்டுத் தந்தார்.

"இனி இதுக்குத் தாய்வீடு இல்ல, மிஸ்," என்றார். "ஏதும் நடந்தா கொம்பனி கேக்காது. என்னட்டத்தான் வரணும்."

ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றரை வருடம் அதில் என் குறிப்புகளைத் தட்டச்சு செய்தேன். பிறகுதான் ஏறாவூரிலிருந்து தங்கச்சி வந்தாள்.

தங்கச்சி என்று நான் கூப்பிடுவது, உறவில்லை. நூலகத்துக்குப் புத்தகம் எடுக்க வந்து பழக்கம். ஒரு தடவை குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவள். திரும்பி வந்த அன்று, ஐந்து வயதாகியிருந்த மகள் தன்னைக் கதிரையில் இருக்கச் சொல்லி, பக்கத்து வீட்டாருக்குக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள் என்று ஒரு முறை சொன்னாள்.

இப்போது மறுபடியும் முகவர் அழைத்திருந்தார். கடவுச்சீட்டையும் கொடுத்தாயிற்று. செப்டம்பர் இருபதாம் திகதி, சனிக்கிழமைக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். அதே நேரத்தில் இன்னொரு வேலையும் வாசலில் நின்றது. பேசிப் பதிந்த தமிழைக் கேட்டு, எழுத்தில் தருகிற வேலை. வீட்டில் இருந்தே செய்யலாம். எட்டாம் திகதி தொடங்கி வேலை நாள் பத்துக்குப் பரீட்சை. தேறினால் போகத் தேவையில்லை. தேறாவிட்டால் போக வேண்டும். அவ்வளவுதான்.

அவளுடைய வீட்டில் இணைய இணைப்பு நூலிழையாக வரும். பக்கத்தில் இரும்புக் கதவு ஒட்டும் பட்டறை வேறு. எனக்கோ புளியந்தீவில் வாவியோரத்து வீடு, தனி ஆள், நல்ல இணைப்பு. "லெப்டொப்பும் இரிக்கி, இடமும் இரிக்கி, வா," என்று சொன்னது நான்தான். ஆகவே இந்தக் கதையில் ஒரு பங்கு பொறுப்பு எனக்கு உண்டு.

பகல் ஒரு மணி பஸ்ஸில் வருவாள். உள்ளே வந்ததும் கதவைச் சாத்தி, முக்காட்டைக் கழற்றிக் கதிரையின் முதுகில் போட்டு, முகம் கழுவி, ஜன்னலடி மேசையில் இருப்பாள். அந்த நேரத்தில் வாவியில் பட்ட வெயில் என் வீட்டுக் கூரைப்பலகையில் ஏறி அசையும். மேலே பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் வீடு மெல்ல நகர்வதாகத் தோன்றும். அவள் ஒலிப்பதிவைப் பாதி வேகத்தில் ஓடவிடுவாள். யாரோ ஒரு பெண் தன் தமையனின் வீட்டுக்கு வழி சொல்லிக்கொண்டிருப்பாள். கோயில் தாண்டி, கிணறு தாண்டி, வேலி இல்லாத வளவு தாண்டி. பாதி வேகத்தில் அந்தக் குரல் தண்ணீருக்கடியில் இருந்து வரும். இருமலையும் விடாமல் எழுத வேண்டும், தயங்கிய இடத்தில் மூன்று புள்ளி வைக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பெண் தமையனின் வீட்டை அடைவதற்கு முன்பே நான் பல தடவை உறங்கிப்போயிருக்கிறேன். கண் விழித்தால் வெயில் பலகையின் மற்றப் பக்கத்துக்குப் போயிருக்கும். வழி இன்னும் முடிந்திருக்காது.

இரண்டாம் நாள்தான் முதல் கோளாறு. மேலே எழுதிய குறிப்பு அதுதான். டச்பேட்டில் விரலை எப்படி இழுத்தாலும் அம்பு அசையவில்லை. சில நிமிடத்தில் திரையும் கண்ணை மூடிக்கொண்டது. திரை அணைந்தால் இணைப்பு அறும். இணைப்பு அறுந்து பத்து நிமிடத்துக்குள் திரும்பாவிட்டால் பரீட்சைப் பக்கம் அவளை வெளியே தள்ளிவிடும். திறந்த பதிவை முடிக்காமல் வெளியேறியதாக அங்கே கணக்காகிவிடும்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. மாலையில் ஷட் டவுன் கொடுத்துவிட்டு வெளிக்கிடுவாள். பையில் போட்டு எடுத்துப்போனால், ஏறாவூரில் திறக்கும்போது லெப்டொப் சூடாக இருக்கும். பற்றரி பாதிக்கு இறங்கியிருக்கும். அணைத்தது அணையாமல் பைக்குள் விழித்துக்கொண்டே போயிருக்கிறது.

"வீட்ட போனா நல்லா வேல செய்யிது அக்கா," என்றாள் புதன்கிழமை. "ராவு மகள் ஒரு மணித்தியாலம் படம் கீறினாள். ஒருக்காலும் நிக்கல்ல. இஞ்ச வந்தாத்தான்."

இஞ்ச வந்தாத்தான் என்ற சொல் என்னைத் தைத்தது. உப்புக்காற்றில் கரண்டி கறுக்கும் வீடு இது. சுவரில் கைவைத்தால் ஈரம். மின்சாரக் கம்பி நான் பிறப்பதற்கு முன் போட்டது. அவள் பிழைக்க வந்த இடமே அவளைக் கவிழ்க்கிறதோ என்று நினைத்தேன். அதன் பிறகு குறிப்பை இன்னும் நுணுக்கமாக எழுதினேன். நேரம், பற்றரி, மின்விசிறி, காற்றின் திசை, வாவி கலங்கலா தெளிவா, குளிர்பெட்டி உறுமியதா, அயலில் யாரும் அரிசி இடிக்கும் மெஷின் போட்டார்களா. ஒரு மவுஸ் வாங்கிக் குத்திப் பார்த்தோம். அம்பு அசைந்தது, திரை அணைவது நிற்கவில்லை.

பதினோராம் திகதி வியாழக்கிழமை காலையில் இரண்டு பேரும் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு மணித்தியாலம் அதை வைத்துத் தட்டினார், தடவினார், ஆறு தடவை அணைத்து ஏற்றினார். குழந்தைப்பிள்ளை மாதிரி சொன்னதெல்லாம் கேட்டது. பிறகு என் கொப்பியை வாங்கி வாசித்தார்.

"தெற்குக் காத்து, வாவி கலங்கல், குளிர்பெட்டி உறுமல்," என்று வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "மிஸ், இது லெப்டொப்புக்கு எழுதினதா, சோழகத்துக்கு எழுதினதா?"

"எதெண்டு தெரியாட்டி எல்லாத்தையும்தானே எழுதணும்," என்றேன்.

"எழுதுங்க. ஆனா இதுக்கு ஒரு வருத்தமும் இல்ல."

"அப்ப எனக்குத்தான் வருத்தமா?" என்று கேட்டாள் தங்கச்சி.

"நான் அப்பிடிச் சொன்னேனா தங்கச்சி? வேணுமெண்டா வீட்ட வந்து கறண்டப் பாக்கிறன்."

சனிக்கிழமை வந்தார். பரீட்சை இல்லாத நாள். பழகிப் பார்க்கவென்று அவளும் வந்திருந்தாள். அவர் சுவரில் உள்ள துளை ஒவ்வொன்றிலும் சோதனைக் கம்பியைக் குத்தினார். நிலத்துக்குப் போகும் கம்பியை வளவில் தோண்டிப் பார்த்தார். பழையதுதான், ஆனால் பிழையில்லை என்றார். அவர் இருந்த இரண்டு மணித்தியாலமும் அவள் எழுதினாள். ஒரு தடவையும் நிற்கவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு அவர் வாசல் கடப்பைத் தாண்டிப் போய் அரை மணித்தியாலம் ஆகவில்லை, அம்பு நின்றது.

நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். வேறென்ன செய்வது.

"இதுக்கு ஆம்பிளையளக் கண்டா வெக்கம் போல," என்றேன்.

"வெக்கமில்லக்கா, பயம். இன்னொருக்காக் கழட்டிப்போடுவார் எண்டு பயம்," என்றாள். சிரிப்பு அடங்கின பிறகு, "திங்கக்கிழமையும் இப்பிடியெண்டா நான் முகவருக்குச் சொல்லிப்போடுவன். ரெண்டுலயும் கால வச்சிக்கொண்டு நிக்க ஏலா," என்றாள்.

திங்கட்கிழமை ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுத்து நன்றாக இருக்கிறது, ஆனால் முடிக்காமல் வெளியேறிய தடவைகள் கூடிவிட்டன; இன்னும் ஒரு தடவை நடந்தால் பரீட்சை அத்துடன் நிறுத்தப்படும். மரியாதையான மொழி. அவள் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, அன்றைக்குப் புதிய பதிவு ஒன்றையும் திறக்காமல், முன்பு எழுதியதையே திருத்திக்கொண்டு இருந்தாள். ஆனால் அப்படியே நாளைக் கடத்த முடியாது. செவ்வாய்க்கிழமை புதிய பதிவு திறந்தே ஆக வேண்டும்.

செப்டம்பர் 16, செவ்வாய். கொப்பியில் இருந்து எடுத்து எழுதுகிறேன். 2.20க்குப் பதிவைத் திறந்தாள். ஒரு கிழவர் வலை பின்னும் விதத்தைச் சொல்லும் பதிவு, பதினாறு நிமிடம். 3.07க்கு அம்பு நின்றது. 3.09க்குத் திரை அணைந்தது. கிழவரின் குரல் ஒரு சொல்லின் நடுவில் நின்றுபோனது. பக்கம் வெளியே தள்ளுவதற்குப் பத்து நிமிட அவகாசம் உண்டு என்பது எங்களுக்குத் தெரியும். அவள் ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினாள். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். வாவியில் ஒரு தோணி அசையாமல் நின்றது. அதில் இருந்தவரும் அசையவில்லை. கூரைப்பலகையில் வெயில் மட்டும் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிமிடங்கள் எனக்குள் இப்போதும் பாதி வேகத்தில்தான் ஓடுகின்றன.

அப்போது கடப்படியில் மணியடித்து, "மிஸ், மீட்டர்!" என்று மின்வாசிப்புக்காரர் கூப்பிட்டார். மீட்டர் இருப்பது முன்னறைச் சுவரில், அவள் இருந்த இடத்துக்கு நேரே.

அவள் எழுந்து கதிரையிலிருந்த முக்காட்டை இழுத்துத் தலையில் போட்டாள். மறு கையை லெப்டொப்பின் இடப்பக்க மூலைக்குக் கொண்டுபோய், அங்கே ஒட்டிக்கொண்டிருந்த முக்காட்டுப் பின்னை எடுத்துக் கழுத்தடியில் வைத்தாள். துணியைக் குத்தாத பின். இரண்டு சின்னக் காந்தம், நடுவில் துணி, அவ்வளவுதான். ஏறாவூர்ப் பெண்கள் எல்லாரும் வைத்திருப்பது. அவள் அதை எடுத்த அதே கணத்தில் திரை விழித்தது. கிழவர் விட்ட சொல்லின் மிச்சத்தைச் சொன்னார்.

மீட்டர்காரர் வந்து வாசித்துவிட்டுப் போனார். அவள் அதற்குள் டச்பேட்டில் விரல் வைத்துப் பார்த்து, அம்பு ஓடுவதைக் கண்டு, மூச்சு விடாமல் மிச்சப் பதிவை எழுதிக்கொண்டிருந்தாள். 3.31க்கு அனுப்பினாள். அதன் பிறகுதான் கேட்டேன்.

"புள்ள, அந்தப் பின்ன ஏன் அதில வைக்கிற?"

"எங்க வைக்கிற அக்கா? முதல் நாள் உங்கட மேசையில வச்சன், ஒண்டு உருண்டு பலக இடுக்குக்குள்ள போயிட்டு. மறுகா இந்த மூலையில வச்சாத் தன்பாட்டில ஒட்டிக்கொண்டு நிக்கிது. விழாது."

"வீட்ட?"

"வீட்ட அலுமாரிக் கதவில. இரும்பு."

நான் முக்காட்டையும் பின்னையும் வாங்கிக்கொண்டேன். பின்னை மூலையில் ஒட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு விரற்கடை உள்ளே நகர்த்தினேன். அம்பு நின்றது. இன்னும் கொஞ்ச நேரத்தில் திரை அணைந்தது. எடுத்தேன், விழித்தது. தட்டச்சு செய்யும்போது அவளுடைய மணிக்கட்டு பட்டுப்பட்டு, பின் அந்த விரற்கடைத் தூரத்தைத் தானே நகர்ந்திருக்கிறது. சில நாள் நகரவில்லை. நாங்கள் அரை மணித்தியாலம் அதை வைத்தும் எடுத்தும் விளையாடினோம். அவள் ஒரு குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி பின்னை மெல்லக் கொண்டுபோய், "ஓ ஓ ஓ," என்பாள். திரை கண்ணை மூடும்.

கடைக்காரரைத் தொலைபேசியில் பிடித்து, ஒலிபெருக்கியில் போட்டேன். பின் எந்த மூலையில் என்று கேட்டார். பிறகு, "மூடியில ஒரு காந்தம் இரிக்கி, மிஸ். கீழ அதை மணக்கிற ஒண்டு இரிக்கி. காந்தம் கிட்ட வந்தா மூடியாச்சு எண்டு நினைச்சுப் படுத்திரும். விலகினாத் திறந்தாச்சு எண்டு எழும்பும். அணைச்சுக் கிடந்தாலும் எழும்பும். இந்தச் சாதிக்கு அது பழக்கம்," என்றார்.

அப்போதுதான் பைக்குள் விழித்துக்கொண்டு போன காரணமும் விளங்கியது. வெளிக்கிடும்போது அவள் முதலில் ஷட் டவுன் கொடுப்பாள், அது அணையும். பிறகு பின்னை உட்பக்கமாக இழுத்தெடுத்து முக்காட்டில் வைப்பாள், காந்தம் வந்து விலகியதென்று அது எழும்பும். எழும்பியதைப் பார்க்காமலே மூடிப் பையில் போடுவாள்; பாதி எழும்பிய நிலையில் மூடியது அதற்குத் தெரியாது.

"அது சரி," என்றார் கடைக்காரர், விட மனமில்லாமல். "என்ட கடையில ஒரு மணித்தியாலம் வச்சிருந்தனே. அங்க ஏன் வரல்ல?"

"உங்கட கடையில நான் முக்காட்டக் கழட்டுவனா, நானா?" என்றாள் தங்கச்சி.

மறுமுனையில் ஏதோ கீழே விழுந்த சத்தம் கேட்டது. பிறகு அவர் சிரிக்கிற சத்தம்.

அன்று பின்னேரம் என் குறிப்புகளை முதலில் இருந்து வாசித்தேன். எட்டு நாளில் பதினொரு பக்கம். காற்று இருக்கிறது, குளிர்பெட்டி இருக்கிறது, வாவியின் நிறம் இருக்கிறது. கடைக்காரர் வந்த நேரமும் போன நேரமும் இருக்கின்றன. அவள் முக்காட்டைக் கழற்றியது ஒரு வரியிலும் இல்லை. தினமும் பார்த்தேன். ஒருவர் வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றுவதை யார் திகதி போட்டு எழுதுகிறார்கள்? ஆம்பிளை வரும்போதெல்லாம் கோளாறு மறைந்தது என்பதைச் சிரிப்பாக எடுத்தோமே தவிர, ஆம்பிளை வரும்போது வீட்டுக்குள் வேறென்ன மாறுகிறது என்று நான் கேட்கவில்லை. உப்புக்காற்றையும் இலவச மென்பொருளையும் பழைய கம்பியையும் சந்தேகித்தேன். தாய்வீடு இல்லாத மெஷின் என்று அதன்மேல் ஒரு பழியும் போட்டேன். அது தனக்குத் தெரிந்ததைத்தான் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

மிச்ச மூன்று நாளும் பின் ஜன்னல் கம்பியில் இருந்தது. அவள் ஒரு தடவையும் வெளியேறவில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பதிவை 4.05க்கு அனுப்பினாள். பரீட்சை முடிந்தது. பதில் எப்போது வரும் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு முகவரிடம் போக வேண்டும்.

சனிக்கிழமை காலையில் அவள் ஏறாவூரில் இருந்து நேரே என் வீட்டுக்கு வந்தாள். மகளும் கூட. ஒப்பந்தத்துக்குப் போகும் உடுப்பு. லெப்டொப்பைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு மூன்று பேரும் இருந்தோம். மகள் மூடியில் உள்ள நட்சத்திரத் தடத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பத்து மணிக்குத் தேத்தண்ணி போட்டேன். யாரும் குடிக்கவில்லை. 10.48க்குப் பதில் வந்தது. முதலில் மூன்று மாதம். பிறகு பார்த்து நீடிப்போம். அவள் வாசித்துவிட்டு என் பக்கம் திரையைத் திருப்பினாள். தான் பிழையாக வாசிக்கவில்லை என்று பார்க்க. நான் உரத்து வாசித்தேன். மகள், "அப்ப உம்மா போகல்லயா?" என்று கேட்டாள்.

"இல்ல," என்றாள்.

முகவருக்கு 11.15க்கு எடுத்தாள். ஜன்னலடியில் நின்று பேசினாள். அவர் கோபப்படவில்லை, அது இன்னும் பயமாக இருந்தது என்று பிறகு சொன்னாள். மூன்று மாதம் முடிந்தால் என்ன செய்வாய் என்று கேட்டாராம். கடவுச்சீட்டு கொழும்புக்குப் போய்விட்டது, எடுத்துத் தருகிறேன், ஒரு கிழமை, இரண்டு கிழமை ஆகும் என்றாராம். அது அவர் கையில் இருக்கும்வரை போகவில்லை என்று சொல்வது முழுச் சொல் இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை நாங்கள் மகளுக்கு முன்னால் பேசவில்லை.

மாதம் முடிவதற்குள் ராத்தா என்று அவள் கூப்பிடும் மூத்த சகோதரியின் வீட்டில் நல்ல இணைப்பு எடுத்தார்கள். லெப்டொப்பை அங்கேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். இப்போது பகலில் என் வீட்டில் குரல் இல்லை. கூரைப்பலகையில் வெயில் வருகிறது, போகிறது.

கடைசிக் குறிப்பு இது. "ஒக்டோபர் 4, சனி. காலை 9.30. ஏறாவூரிலிருந்து அழைப்பு. கடவுச்சீட்டு திரும்பி வந்துவிட்டதாகச் சொன்னாள். குரல் மெலிந்திருந்தது, பட்டறைச் சத்தமும் இருந்தது. கையில் இருக்கிறதா, வருகிறதா என்று திரும்பக் கேட்பதற்குள் இணைப்பு அறுந்தது. நான் கண்ணால் காணவில்லை. உறுதிப்படுத்தப்படவில்லை."